தேய்ந்த இடம்

தூத்துக்குடியில் பாதிப்பேர் என்னைக் காக்காக்காரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. நேரில் வந்தால் மேடம், அக்கா, காரியம் ஆகவேண்டுமென்றால் தாயே. நான் படித்தது கணிப்பொறி, பார்ப்பது அரசு உத்தியோகம். காக்கைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவது எதுவும் விளங்காது.

இருபது வருஷத்துக்கு முன்னால் வந்த வெப்பக் காய்ச்சலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள் என்று எழுதப்போனேன். மறந்துதானே போனோம், அதுதானே அந்த நோய். வெயிலில் நின்று வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் காலையில் நடந்தது சாயங்காலம் நினைவில் நிற்கவில்லை. உப்பளத்துக்காரர்கள், துறைமுகத்துக்காரர்கள், கோபுரம் கோபுரமாக ஏறி சிக்னல் பார்த்துக்கொண்டிருந்த நான் என்று ஊரில் முக்கால்வாசிப் பேர் அதில் விழுந்தோம். அதற்கு வந்த வைத்தியம்தான் பொட்டு. சட்டத்தில் அதற்குப் புறநினைவகம் என்று பெயர். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், மிளகளவுதான். மூளையில் தங்காததை அது வாங்கி வைத்துக்கொள்ளும், கேட்கும்போது கொடுக்கும்.

உடம்புச் சூடு இருக்கிறவரைதான் அதற்கு உயிர். ஆள் போய்விட்டால் பதினெட்டு நாளில் உள்ளே இருப்பதெல்லாம் மங்கிவிடும். அதற்குள் அதைப் படித்து, குடும்பத்தார் நினைவுகளைச் சேர்த்துவைக்கும் வீட்டுப் பெட்டியில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. பதினெட்டு நாள் கெடு என்றால் நம் ஜனம் சும்மா இருக்குமா? பதினாறாம் நாள் கருமாதியோடு அதையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வெயிலில் காக்கைகளும் ஊரைக் காலி செய்திருந்தன. மொட்டைமாடியில் பிண்டத்தை வைத்துவிட்டு உச்சி வெயிலில் கா கா என்று கத்தினால் தொண்டைதான் வற்றும். அப்படித்தான் காக்கையின் வேலை என் இயந்திரத்தின் தலையில் வந்து விழுந்தது.

எப்படி என்றால், பொட்டில் ஒரு இடம் கெட்டிருந்தால் படிப்பு அங்கே நின்றுவிடும். இயங்குதளம் மூன்று தடவை முட்டிப் பார்க்கும். மூன்றிலும் வராவிட்டால் என்னைக் கேட்கும்: மறுபடி முயலவா, கெட்ட இடம் என்று குறித்துவிட்டு மேலே போகவா? இவ்வளவுதான் விஷயம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் திரை நின்றுபோனது மட்டும்தானே தெரியும். காக்கை சோறு எடுக்காவிட்டால் செத்தவருக்கு மனக்குறை என்று வளர்ந்தவர்கள். உடனே எழுந்து கைகூப்பி நின்று சத்தியம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். சின்னவளைக் கரையேற்றிவிடுகிறோம், அண்ணன் தம்பி அடித்துக்கொள்ள மாட்டோம், குடிக்க மாட்டேன் என்று வரிசையாக வரும்.

முதல் வருஷம் நான் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். செவிடன் காதில் சங்கு. பிறகு விட்டுவிட்டேன். ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்கிறேன்: உருப்படியான சத்தியம் ஒன்று வந்ததும் 'மேலே போ' பொத்தானை அழுத்திவிடுவேன். திரை நகரும். அப்பா ஏத்துக்கிட்டாவ என்று கூட்டம் அழும். இப்படி எத்தனை குடிகாரர்களை நிறுத்தியிருக்கிறேன் தெரியுமா? எனக்கு அதில் ஒரு கர்வமும் இருந்தது. ஆறுமுகக்கனியின் பதினாறாம் நாள் வரை இருந்தது. பேர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

ஆறுமுகக்கனி காற்றாலைத் தளவாடங்களைக் கப்பலில் ஏற்றுகிற தளத்தில் கிரேன் ஓட்டியவர். அறுபத்தோரு வயது, மாரடைப்பு. கருமாதி அன்று காலையில் வாசிப்பு மண்டபத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். மனைவி மாரித்தங்கம், மகன் லிங்கதுரை, அவன் தங்கை இசக்கி. சொந்தபந்தம் யாரையும் கூட்டி வரவில்லை. அது வழக்கமில்லை, எனக்கு உறுத்தியது.

காரணத்தை இசக்கியே சொன்னாள். மற்ற இருவரும் வீட்டுப் பெட்டியைப் பூட்டுத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். அவள் புருஷன் ஜெயமுருகனும் அதே தளத்தில்தான் வேலை. மாமனார் மேலே கிரேனில், மருமகன் கீழே சரக்குக்குக் கயிறு கட்டுகிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தொங்கிக்கொண்டிருந்த சரக்கு பிரேக் வழுக்கி இறங்கியது. ஹாரன் சத்தம் கேட்டு எல்லாரும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஓடினார்கள். ஜெயமுருகனும் ஓடினான். பிறகு அவன் மட்டும் திரும்பி உள்ளே போனான், சரக்கு அவன் மேலேயே வந்து விழுந்தது. ஏன் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரணையில் ஆறுமுகக்கனி, காது கேட்காமல் குழம்பிப் போயிருப்பான் என்றார். ஊர் வேறு மாதிரிச் சொன்னது. அன்றைக்குக் காலையில் புருஷன் பெண்சாதிக்குள் நடந்த சண்டை நாலு வீட்டுக்குக் கேட்டிருந்தது.

"அப்பா கண்ணால பாத்திருக்காவ அக்கா. கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருவாவ. எனக்கு அந்த ஒரு நாள் மட்டும் வேணும். வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

சரி என்று சொல்லி உட்காரவைத்தேன். வேறு என்ன சொல்ல?

படிப்பு நன்றாகத்தான் போனது. பதினைந்து வருஷம் தடங்கல் இல்லாமல் ஓடியது. நாங்கள் முழுதாகப் பார்க்க மாட்டோம், ஒவ்வொரு நாளிலிருந்தும் ஒரு துணுக்குத் திரையில் வந்து போகும். கடைசிவரை ஓடி முடிந்த பிறகுதான் எல்லாம் பெட்டிக்கு ஏறும். மாரித்தங்கம் மீன் அரிந்துகொண்டே கோபமாகத் திரும்பிப் பார்க்கிறாள். லிங்கதுரை பைக்கிலிருந்து விழுந்து கட்டுப்போட்டுக்கொண்டு சிரிக்கிறான். இசக்கியின் கல்யாணம் வந்தது, பந்தியில் யாரோ ரசத்தைக் கொட்டுகிறார்கள். மாரித்தங்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதி வந்ததும் திரை நின்றது.

வாசிக்க முடியவில்லை. மறுபடி முயல்கிறது. மூன்று தடவை அதே வரி வந்தது.

நான் உள்விவரத்தைத் திறந்து பார்த்தேன். பொட்டில் எந்த இடமும் ஓரளவுக்குத்தான் எழுதி அழித்து எழுதத் தாங்கும். ஒன்றை நினைக்கும்போதெல்லாம் பொட்டு அதை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப எழுதி வைக்கும். அதிகம் நினைத்தால் அதிகம் தேயும். ஆள் உயிரோடு இருக்கும்போது ஒரு இடம் தேய்ந்தால், இயங்குதளம் ஓரமாக ஒதுக்கிவைத்திருக்கிற நல்ல இடம் ஒன்றைச் சத்தம் காட்டாமல் அதே முகவரியில் உட்கார வைத்துவிடும், கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. இவர் விஷயத்தில் அந்த ஒதுக்கிடங்களும் ஒன்றுவிடாமல் தேய்ந்து தீர்ந்திருந்தன. அந்த ஒரு நிமிஷச் சொச்சத்தை மனுஷன் மூன்று வருஷத்தில் நாற்பத்தோராயிரம் தடவை திறந்திருக்கிறார். ஒரு நாளைக்கு முப்பத்தெட்டு தடவை. விழுந்த பல் இருந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி. என் பதினோரு வருஷ சர்வீசில் அப்படி ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை.

மாரித்தங்கம் எழுந்துவிட்டாள். கைகூப்பிக்கொண்டு, இசக்கிக்கு இன்னொரு நல்லது பண்ணி வைக்கிறோம், உங்க மனசு குளிரட்டும் என்றாள். லிங்கதுரை, தங்கச்சியை என் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். இரண்டுமே உருப்படியான சத்தியங்கள். என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

"அமுக்காதீய அக்கா. மறுபடி பாருங்க" என்றாள் இசக்கி.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறாள். நான் அவளைத் தனியாக அழைத்துச் சொன்னேன்: "இங்க பாருங்க, ஒவ்வொரு தடவ சிஸ்டம் முட்டும்போதும் பொட்டு சூடாகும். அந்தச் சூட்டுல பக்கத்துல உள்ளதும் போயிரும். சேத்துச் சேத்து நெனச்சத எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதான் வச்சிருக்கும்."

"பக்கத்துல என்ன இருக்கு?"

"உங்க கல்யாணம். அதுக்கு முன்னால நீங்க சின்னப்பிள்ளையா இருந்தது கொஞ்சம்."

"போகட்டும்" என்றாள்.

மாரித்தங்கம் விடவில்லை. அவர் கண்ணு வழியா என் பிள்ளை கல்யாணத்த நான் பாக்கணும், அது எனக்குள்ளது, அதை எரிச்சிராதே தாயி என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவும் மகளும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு வாதாடினார்கள். சட்டப்படி முதல் உரிமை மனைவிக்கு. ஆனால் இசக்கியின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி மறுப்பது? எனக்கும் இதைப் படித்தே தீர்வது என்று ஒரு வீம்பு வந்துவிட்டது. மறுபடி முயல் என்பதை அழுத்தினேன்.

நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம். ஏழாவதில் கல்யாணப் பந்தி போயிற்று. எட்டாவதில் தாலி கட்டியது. திரையின் ஓரத்தில் போனவற்றின் தேதிகள் சிவப்பாக ஏறிக்கொண்டே வந்தன, அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்து அழுதாள். பத்து. பதினொன்று.

அப்போதுதான் இசக்கி எழுந்து நின்றாள். இவளாவது சத்தியம் பண்ண மாட்டாள் என்று நினைத்திருந்தேன். அவளும் கைகூப்பினாள்.

"அப்பா, நான் ஒரு வார்த்த சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதது. அன்னைக்குக் காலைல அவுக வாசல்ல செருப்பு மாட்டும்போது, நீ இப்படியே போய்த் தொலஞ்சா எனக்கு நிம்மதின்னு சொன்னேன். அவுக ஒண்ணும் பேசாமப் போனாவ. அதனாலதான் உள்ள போனாவளா? ஆமான்னா ஆமான்னு சொல்லிருங்கப்பா. நானும் அவுக பின்னாலயே போயிருதேன்."

மாரித்தங்கத்தின் அழுகை நின்றுவிட்டது. நான் திரையைப் பார்க்காமல் இசக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சும்மா சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களையும் செய்கிறவர்களையும் இந்த மண்டபத்தில் பார்த்திருக்கிறேன், எனக்கு வித்தியாசம் தெரியும்.

"அப்பாதான் கூப்பிட்டாவ" என்றான் லிங்கதுரை.

மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, தட்டுத்தடுமாறிச் சொன்னான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அப்பா சொன்னாராம். எல்லாரும் ஓடிய பிறகு பிரேக் பிடித்துவிட்டது என்று நினைத்தாராம். சரக்கு ஆடாமல் கயிற்றைப் பிடிக்க மருமகனைக் கைகாட்டி உள்ளே வரச் சொன்னாராம். அவன் வந்த பிறகு பிரேக் மறுபடி வழுக்கியது. அவ்வளவு உயரத்தில் கூண்டுக்குள் கை அசைந்தது வேறு யாருக்கும் தெரியவில்லை. சொன்னால் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பது என்று மறைத்துவிட்டாராம். யாரிடமும் சொல்லாதே என்று தன்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கினாராம்.

"அவுக நீ சொன்னதுக்காகப் போகல இசக்கி. மாமா கூப்பிட்டாவன்னு போனாவ. வேலைக்குப் போனாவ" என்றான்.

நான் 'மேலே போ' என்பதை அழுத்தினேன். என் உத்தியோக வாழ்க்கையில் அவ்வளவு சரியான நேரத்தில் அழுத்தியதில்லை. திரை மறுநாளுக்கு நகர்ந்தது. இசக்கி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவள் அழுத அழுகை இருக்கிறதே, மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். மாரித்தங்கம் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஏ பாவி மனுஷா, ஏ பாவி மனுஷா என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மிச்சத்தைப் படித்து முடித்து, பெட்டியில் ஏற்றிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பினேன். பதினோரு மணி இருக்கும். இயந்திரத்தை அணைக்கப் போகும்போது அது ஒரு கேள்வி கேட்டது.

கெட்ட இடத்தில் முட்டும்போது ஒன்றுமே வராது என்று இல்லை. ஒவ்வொரு தடவையும் நாலு துணுக்கு வரும். இயங்குதளம் அதைத் தூக்கிப்போடாது. தற்காலிகமாக ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, பின்னால் ஓய்வாக ஒட்டுப்போட்டுப் பார்க்கும். பெரும்பாலும் தேறாது. அன்றைக்குப் பதினோரு முயற்சியின் துணுக்குகளும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. ஒரு இடம் முழுமையாகச் சேர்ந்துள்ளது. பார்க்கவா, அழிக்கவா?

பார்க்காமல் அழித்திருக்கலாம். அழித்திருக்க வேண்டும். பாழாய்ப்போன வீம்பு, நான் பார்த்தேன்.

எழுபது வினாடி. ஆறுமுகக்கனியின் கண்ணால் பார்க்கிறேன். கண்ணாடிக் கூண்டு. கீழ் ஓரத்தில் அவருடைய இரண்டு கைகள், வலது கை நெம்புகோலில், இடது கை ஹாரனில். ஹாரன் அலறிக்கொண்டே இருக்கிறது. கீழே எல்லாரும் ஓடுகிறார்கள். மஞ்சள் கோட்டுக்கு வெளியே போய் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். அதில் ஒருவன் மட்டும் கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறான். ஓடவில்லை, நடந்து வருகிறான். சரக்குக்கு நேர் கீழே வந்ததும் நின்று கூண்டை நிமிர்ந்து பார்க்கிறான். தலைக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் பத்திரமாக வைக்கிறான். கயிற்றைத் தொடவில்லை. ஹாரன் நிற்கவே இல்லை. மேலே இருக்கிற மனுஷன் என்னென்னவோ கத்துகிறார், தன் குரல் தனக்கே கேட்காத அளவுக்கு ஹாரனை அழுத்திக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு கைகளும் கடைசிவரை நெம்புகோலையும் ஹாரனையும் விட்டு ஒரு விரல்கூட அசையவில்லை. யாரையும் கூப்பிடவில்லை.

அந்த மனுஷன் இதைத் தினம் முப்பத்தெட்டு தடவை பார்த்துக்கொண்டு, மகள் கேட்டால் எழுந்து வெளியே போயிருக்கிறார்.

கதவைத் தட்டினார்கள். லிங்கதுரை. செம்பை விட்டுவிட்டுப் போய்விட்டோம் என்றான். திரையை அணைத்துவிட்டுச் செம்பை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"அக்கா, அப்பா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

"ஆஸ்பத்திரில அவுகளுக்குப் பேச்சே வரல. நானாத்தான் சொன்னேன். அவ போயிருவான்னு பயந்துட்டேன். அப்பா ஒரு ஈ எறும்பைக்கூட மிதிக்க மாட்டாவ. அவுக மேல கொலப்பழியப் போட்டுட்டேன், அதுவும் கருமாதி அன்னைக்கு." செம்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தான். "அந்த இடம் உங்களுக்கு வந்துச்சா? உள்ள என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. இசக்கிகிட்ட சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்கிறவர்கள் எத்தனை நாள் சொல்லாமல் இருப்பார்கள்? இவன் காதுக்குப் பின்னாலும் பொட்டு இருந்தது. இவனுக்கும் ஒருநாள் பதினாறாம் நாள் வரும், இசக்கி இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

"வந்துச்சு" என்றேன். "நீங்க சொன்னதுதான் இருந்துச்சு."

அவன் நம்பாமல் பார்த்தான்.

"கை காட்டினாவளா?"

"காட்டினாரு. வலது கையால."

தன் மேலிருந்த பாவம் இறங்கியதில் அவன் முகம் ஒரு நிமிஷம் தெளிந்தது. பிறகு அது இறுகியதையும் பார்த்தேன். "அப்போ நெசமாவே அந்தாளுதானா" என்றான். மூன்று வருஷம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டானே என்றான். வந்தபோது அப்பா என்று அழுதவன் போகும்போது ஒருமையில் பேசிக்கொண்டு போனான். அந்தச் செம்பைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான், இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவன் போன பிறகு அந்த எழுபது வினாடியை அழித்தேன். ஆறுமுகக்கனியின் பொட்டு மறுநாளைக்கு மறுநாள் தானாக மங்கியது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இசக்கிக்குத் திருமணமாகி ஒரு பெண்குழந்தை. பழைய பேருந்து நிலையத்தில் இடுப்பில் பிள்ளையோடு பார்த்தேன், என்னைத் தெரிந்துகொண்டு சிரித்தாள். ஆறுமுகக்கனிக்கு வருஷத் திதி கொடுக்கவில்லை என்றும், வீட்டில் அவர் படத்துக்கு மாலை இல்லை என்றும் பேச்சுவாக்கில் கேள்விப்பட்டேன். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

போன வாரம் எனக்கு வருஷாந்திர சோதனை. என்னோடு வேலை பார்க்கிற ஜெபஸ்டின்தான் என் பொட்டை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தான். நாங்கள் ஒன்றாகச் சேர்ந்தவர்கள், ஆள் ரொம்ப சுத்தமான வேலைக்காரன். பார்த்துக்கொண்டே இருந்தவன் கண்ணாடியைக் கழற்றினான்.

"வடிவு, இங்க ஒரு எடம் தேஞ்சுபோய்க் கெடக்கு. பதினெட்டாயிரத்துச் சொச்சம் தடவ. சரியா எழுபது வினாடி. ஒதுக்கி வச்சதும் பாதி தீந்துட்டு. என்னத்த அப்படி நெனைக்க?"

ஒண்ணுமில்ல என்றேன்.

"கெட்ட எடம்னு குறிச்சிரட்டா? குறிச்சா நீ அங்க போக முடியாது, நிம்மதியாத் தூங்கலாம். விட்டா பக்கத்துல உள்ளதையும் அரிச்சிரும்."

அவன் சொல்வது சரிதான். யாருக்கும் நானே அதைத்தான் சொல்லுவேன். ஆனால் நெம்புகோலையும் ஹாரனையும் விடாமல் பிடித்திருக்கிற அந்த இரண்டு கைகள் இப்போது உலகத்தில் வேறெங்கும் இல்லை. அவர் யாரையும் கூப்பிடவில்லை என்பது என் காதுக்குப் பின்னால் அந்த எழுபது வினாடியில் மட்டும்தான் இருக்கிறது, அதையும் நான் போய்ப் போய்ப் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெபஸ்டின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். "தொடாத."